ஹன்டாவைரஸ் பரிசோதனைக்கான வினைப்பொருள்கள்: ஆன்டிஜெனைத் தேர்வது முதல் அறிக்கை எழுதுவது வரை

எலிக்காய்ச்சல் என்ற பெயரைக் கேட்டதும் நம் மருத்துவர்களின் மனம் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற ஒரே நோயிடம்தான் செல்கிறது. கடுங்காய்ச்சல், தட்டணுக்கள் குறைவு, சிறுநீரில் புரதம், ஏறிக்கொண்டே போகும் கிரியேட்டினின் ஆகியவற்றோடு வந்த நோயாளிக்கு லெப்டோஸ்பைரா, டெங்கு, ஸ்கரப் டைஃபஸ், மலேரியா ஆகிய நான்கும் இல்லை என்று முடிவு வந்த பிறகு, பெரும்பாலான இடங்களில் ‘காரணம் அறியப்படாத காய்ச்சல்’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். எலிகளின் சிறுநீர், எச்சம், உமிழ்நீர் ஆகியவை கலந்த தூசியைச் சுவாசிப்பதால் தொற்றும் ஹன்டாவைரஸும் இதே தோற்றத்தில் வரக்கூடும் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. எழுந்தாலும் அதற்கு விடை சொல்லும் வினைப்பொருள்கள், அதாவது பரிசோதனைக்கு வேண்டிய வேதி, உயிரியல் பொருள்கள், கையில் இருப்பதில்லை.

எலைசா (எதிர்ப்பொருளை நிறமாற்றத்தால் காட்டும் சோதனை) தட்டுகளைப் படிக்கும் கருவி, ரியல்-டைம் பி.சி.ஆர். (மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) கருவி, மைனஸ் 70 டிகிரி உறைபெட்டி, இரண்டாம் வகுப்பு உயிரியல் பாதுகாப்புக் கேபினெட் ஆகியவை உள்ள ஒரு நடுத்தர ஆய்வகம், ஹன்டாவைரஸ் பரிசோதனையைப் புதிதாகத் தொடங்க என்னென்ன வினைப்பொருள்களைத் தேட வேண்டும், எவ்வரிசையில் சரிபார்க்க வேண்டும் என்பதை இந்த வழிகாட்டி சொல்கிறது. உயிருள்ள வைரஸை வளர்க்கும் பணி இதில் எங்கும் இல்லை. அதற்கு மூன்றாம் நிலை உயிரியல் பாதுகாப்புக் கூடம் வேண்டும்; நோயறிதலுக்கு அது தேவையுமில்லை.

முதற்படி: எந்த ஹன்டாவைரஸ் என்று கேட்பது

ஹன்டாவைரஸ் என்பது ஒரு வைரஸின் பெயரன்று; ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். ஒவ்வொரு வைரஸும் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட விலங்கினத்தோடு ஒட்டி வாழ்கிறது. கொரியாவின் ஹன்டான் வைரஸ் வரிக்கோட்டு வயல் எலியிடமும், சியோல் வைரஸ் துறைமுகங்கள் வழியே உலகெங்கும் பரவிய பழுப்பு எலியிடமும், ஐரோப்பாவின் பூமாலா வைரஸ் அங்குள்ள வோல் என்னும் சிற்றெலியிடமும், அமெரிக்காவின் சின் நோம்ப்ரே வைரஸ் மான் எலியிடமும், தாய்லாந்து வைரஸ் பெருச்சாளியிடமும் காணப்படுகின்றன. முதல் மூன்றும் சிறுநீரகத்தைத் தாக்கும் இரத்தக்கசிவுக் காய்ச்சலைத் தருபவை. சின் நோம்ப்ரேயும் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் வைரஸும் நுரையீரலையும் இதயத்தையும் தாக்குபவை.

வினைப்பொருள் வாங்குபவருக்கு இந்தப் பட்டியல் ஏன் தேவை என்றால், ஒரு வைரஸின் ஆன்டிஜென் (உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புரதம்) இன்னொரு வைரஸுக்கு எதிராக உடலில் உருவான எதிர்ப்பொருளை எவ்வளவு பிடிக்கும் என்பது இந்த உறவுமுறையைப் பொறுத்தே அமைகிறது. ஹன்டான், சியோல், ஐரோப்பாவின் டோப்ராவா, தாய்லாந்து ஆகியவை தமக்குள் வலுவாகக் குறுக்குவினை காட்டும்; அதாவது ஒன்றின் ஆன்டிஜென் மற்றொன்றின் எதிர்ப்பொருளையும் பிடிக்கும். பூமாலா, சின் நோம்ப்ரே, ஆண்டிஸ் ஆகியவை தமக்குள் ஓரளவு காட்டும். ஒரு கூட்டத்துக்கும் மறு கூட்டத்துக்கும் இடையிலோ அது வெகுவாகக் குறைந்துவிடும். ஐரோப்பாவில் பூமாலாவுக்கென்று செய்த விரைவுப் பரிசோதனைப் பட்டையைத் தெற்காசியாவில் பயன்படுத்தி ‘இங்கே ஹன்டாவைரஸ் இல்லை’ என்று அறிவித்தால், அந்த அறிவிப்புக்குப் பொருளே இல்லை.

இந்தக் குடும்பத்தின் வரலாறே வினைப்பொருளின் வரலாறுதான். கொரியப் போரின்போது ஐ.நா. படைவீரர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர் தெரியாத இரத்தக்கசிவுக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டனர். இருபதாண்டுகளுக்கு மேல் அதன் காரணி யார் கையிலும் சிக்கவில்லை. 1976-இல் லீ ஹோ வாங் வயல் எலிகளின் நுரையீரல் திசுவில் அதைக் கண்டபோது, அவரிடம் இருந்த முதன்மையான வினைப்பொருள் நோயிலிருந்து மீண்டவர்களின் சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்). ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளின் துணையோடு அந்தச் சீரம் எலியின் நுரையீரலில் ஒட்டிய இடங்கள்தான் வைரஸின் இருப்பைக் காட்டின. 1993-இல் அமெரிக்காவின் நான்கு மாநிலங்கள் சந்திக்கும் பகுதியில் இளைஞர்கள் மூச்சுத்திணறி இறந்தபோதும், வேறு ஹன்டாவைரஸ்களுக்காகச் சேமித்து வைத்திருந்த ஆன்டிஜென்களோடு நோயாளிகளின் சீரம் வினைபுரிந்ததுதான் முதல் தடயம். அந்தக் குறுக்குவினை இல்லாதிருந்தால் சில வாரங்களுக்குள் சின் நோம்ப்ரேயை அடையாளம் கண்டிருக்க முடியாது.

எதிர்த்திசையில் ஒரு பாடம் நம் வேலூரிலேயே இருக்கிறது. 1964-இல் வேலூர் தோட்டப்பாளையத்தில் பிடிபட்ட ஒரு மூஞ்சூறிலிருந்து பிரித்தெடுத்த வைரஸுக்குத் தோட்டப்பாளையம் வைரஸ் என்று பெயரிட்டார்கள். ஹன்டான் வைரஸுக்கு முன்பே பிரித்தெடுக்கப்பட்ட ஹன்டாவைரஸ் அதுதான் என்பது பிற்பாடு தெரியவந்தது. இன்று தாட்டிம்வைரஸ் என்ற பேரினமே அந்த ஊர்ப்பெயரிலிருந்து அமைந்திருக்கிறது. மூஞ்சூறு எலியினத்தைச் சேர்ந்ததன்று. அதன் வைரஸும் எலிகளின் ஹன்டாவைரஸ்களிலிருந்து வெகுதூரம் விலகி நிற்கிறது. ஹன்டான் ஆன்டிஜெனை வைத்துத் தோட்டப்பாளையம் வைரஸைத் தேடினால் அகப்படுவது அரிது. அது மனிதருக்கு நோய் தருவதாக இதுவரை நிறுவப்படவில்லை என்றாலும், ஆன்டிஜென் பொருந்தாவிட்டால் கண்முன் இருப்பதும் தெரியாது என்பதற்கு இதைவிட அருகிலுள்ள சான்று இல்லை.

ஆகவே தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ பணி தொடங்குபவர் ஹன்டான், சியோல், தாய்லாந்து ஆகிய கூட்டத்தைச் சேர்ந்த ஆன்டிஜென் ஒன்றை முதன்மையாகவும், பூமாலா அல்லது சின் நோம்ப்ரே கூட்டத்தைச் சேர்ந்த ஒன்றைத் துணையாகவும் வைத்துக்கொள்வது பொருத்தம் என்பது என் கருத்து. இலங்கையில் மனிதரிடமும் கொறித்துண்ணிகளிடமும் நடந்த சீரம் ஆய்வுகளில் தாய்லாந்து வைரஸையோ அதற்கு நெருங்கிய ஒன்றையோ சுட்டும் எதிர்ப்பொருள்கள் கிடைத்திருப்பது இதற்கு வலுச் சேர்க்கிறது.

இரண்டாம் படி: ஆன்டிஜென்

ஹன்டாவைரஸின் மரபுப்பொருள் மூன்று ஆர்.என்.ஏ. துண்டுகளாக இருக்கிறது. சிறிய துண்டு, மரபுப்பொருளைப் பொதிந்து வைக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்தையும், நடுத்துண்டு மேலுறையின் இரு கிளைக்கோபுரதங்களையும், பெரிய துண்டு பாலிமரேஸ் நொதியையும் குறிக்கின்றன. நோயாளியின் உடல் முதன்முதலில், மிக வலுவாக எதிர்வினை காட்டுவது நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்குத்தான். சுமார் 430 அமினோ அமிலங்கள் கொண்ட, ஏறத்தாழ 50 கிலோடால்டன் எடையுள்ள இந்தப் புரதமே பெரும்பாலான பரிசோதனைகளின் அச்சாணி. அதன் முன்முனையிலுள்ள முதல் நூற்றுச்சொச்சம் அமினோ அமிலங்களில்தான் எதிர்ப்பொருள்கள் ஒட்டும் முக்கிய இடங்கள் செறிந்துள்ளன. அந்தப் பகுதியே ஹன்டாவைரஸ்களுக்கிடையே பெரிதும் பொதுவாகவும் இருக்கிறது. எனவே முழுப் புரதத்தையோ முன்முனைத் துண்டையோ பயன்படுத்தினால் உணர்திறன் கூடும், வைரஸ்களைப் பிரித்தறியும் திறன் குறையும். முன்முனையை நீக்கிய துண்டு இதற்கு நேர்மாறானது. நோயறிதலுக்கு முன்னதையும், எந்தக் கூட்டம் என்று பிரித்தறியப் பின்னதையும் தேர்ந்தெடுப்பது சரியான வழி.

மறுசேர்க்கை முறையில், அதாவது வைரஸின் மரபணுவை வேறோர் உயிரணுவில் செருகித் தயாரித்த புரதத்தை வாங்கும்போது, எந்த உயிரணுவில் தயாரித்தார்கள் என்று கட்டாயம் கேட்க வேண்டும். ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரிப்பது மலிவு. ஆனால் நம் எல்லோரின் இரத்தத்திலும் ஈ. கோலைக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் ஏற்கெனவே இருப்பதால், தூய்மை குறைந்த புரதம் ஆரோக்கியமானவரின் சீரத்திலும் நிறம் காட்டிவிடும். பூச்சியணுக்களில் பாகுலோவைரஸ் (பூச்சிகளைத் தாக்கும் வைரஸ்) வழியாகத் தயாரித்தது விலை கூடுதல் என்றாலும் இந்தத் தொல்லை குறைவு. எதை வாங்கினாலும், அதே அணுவில், அதே முறையில், ஹன்டாவைரஸ் புரதம் மட்டும் இல்லாமல் தயாரித்த கட்டுப்பாட்டு ஆன்டிஜெனையும் சேர்த்து வாங்க வேண்டும். செலவைக் குறைப்பதற்காகக் கட்டுப்பாட்டு ஆன்டிஜெனை விட்டுவிடுவதுதான் புதிய ஆய்வகங்கள் செய்யும் முதல் தவறு. பிறகு வரும் பொய்யான பாசிட்டிவ்களுக்கு விளக்கம் தேடி மாதக்கணக்கில் அலைய நேரிடும்.

சில ஆய்வகங்கள் முழு வைரஸை அணுக்களில் வளர்த்து, காமா கதிரால் செயலிழக்கச் செய்து ஆன்டிஜெனாகப் பயன்படுத்துகின்றன. அப்படி ஒன்று வந்தால், செயலிழப்பு உறுதிசெய்யப்பட்டதற்கான சான்றிதழ் இல்லாமல் குப்பியைத் திறக்கக் கூடாது.

ஆய்வுப் பயன்பாட்டுக்கான புரதங்களையும் மோனோகுளோனல் (ஒரே குறிப்பிட்ட இடத்தில் மட்டும் ஒட்டும்) எதிர்ப்பொருள்களையும் அமெரிக்காவின் பி.இ.ஐ. ரிசோர்சஸ் போன்ற சேகரங்கள், பதிவுசெய்துகொண்ட நிறுவனங்களுக்கு வழங்குகின்றன. இறக்குமதி அனுமதி பெறுவதற்கும் உலர்பனியில் வந்து சேர்வதற்கும் நாளாகும் என்பதைத் திட்டத்திலேயே கணக்கிட வேண்டும்.

மூன்றாம் படி: எதிர்ப்பொருள்களும் துணைப்பொருள்களும்

மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளில் ஏறக்குறைய அனைவரிடமும், தொற்றின் தொடக்கத்தில் உருவாகும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் ஏற்கெனவே இருக்கும் என்பது ஹன்டாவைரஸ் நோயறிதலின் நல்வாய்ப்பு. ஆகவே முதலில் நிறுவ வேண்டியது ஐ.ஜி.எம். எலைசா. அதிலும், தட்டில் ஆன்டிஜெனை நேரடியாகப் பூசும் மறைமுக முறையைவிட, மியூ-சங்கிலிக்கு (ஐ.ஜி.எம்.-க்கே உரிய புரதச் சங்கிலி) எதிராக அமைந்து மனித ஐ.ஜி.எம்.-ஐப் பிடித்துவைக்கும் எதிர்ப்பொருளைத் தட்டில் பூசும் ‘பிடிப்பு’ முறை மேலானது. பின்னால் உருவாகி நெடுநாள் நிலைக்கும் ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் போட்டியிட்டு இடத்தை அடைத்துக்கொள்வதும், முடக்குவாதக் காரணியால் (பிற எதிர்ப்பொருள்களிலேயே ஒட்டும் எதிர்ப்பொருள்) பொய்ப் பாசிட்டிவ் வருவதும் இதில் குறைவு.

இம்முறைக்கு வேண்டியவை: மனித மியூ-சங்கிலிக்கு எதிரான ஆட்டு எதிர்ப்பொருள்; நியூக்ளியோகேப்சிட் ஆன்டிஜெனும் கட்டுப்பாட்டு ஆன்டிஜெனும்; அந்தப் புரதத்தை அடையாளம் காணும் மோனோகுளோனல் அல்லது முயல் எதிர்ப்பொருள்; அதன்மேல் ஒட்டும், பெராக்ஸிடேஸ் நொதி இணைத்த இரண்டாம் எதிர்ப்பொருள்; டி.எம்.பி. நிறப்பொருள், வினையை நிறுத்தும் கந்தக அமிலம், பூச்சுக்குக் கார்பனேட்-பைகார்பனேட் தாங்கல் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்), கழுவுவதற்கு 0.05 சதவீத ட்வீன்-20 (சோப்பு போன்ற பொருள்) கலந்த பாஸ்பேட் தாங்கல், வெற்றிடங்களை அடைக்கக் கொழுப்பு நீக்கிய பால்பொடி. இரண்டாம் எதிர்ப்பொருள் மனித எதிர்ப்பொருளிலோ தட்டிலுள்ள ஆட்டு எதிர்ப்பொருளிலோ ஒட்டாதபடி உறிஞ்சி நீக்கப்பட்டதா என்று லேபிளில் பார்க்க வேண்டும். அது ஒட்டினால் தட்டு முழுவதும் நிறமேறிவிடும்.

சோடியம் அசைடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எதிர்ப்பொருள்கள் கெடாமலிருக்க இது பரவலாகச் சேர்க்கப்படுகிறது. அதுவே பெராக்ஸிடேஸ் நொதியை முடக்கும் பொருளுமாகும். நான் பணியாற்றிய ஓரிடத்தில் ஒருமுறை பாசிட்டிவ் கட்டுப்பாடு (பாசிட்டிவ் என்று முன்பே உறுதியான சீரம்) உட்படத் தட்டு முழுவதும் நிறமின்றி நின்றது. ஆன்டிஜென் கெட்டுவிட்டதென்று புதியதற்கு எழுதிவிட்டோம். மூன்று நாள் கழித்துத்தான், பாக்டீரியா வளராமலிருக்க யாரோ நல்லெண்ணத்தில் கழுவு தாங்கலில் அசைடு சேர்த்திருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு தாங்கல் புட்டியிலும் கலந்த பொருள்கள் அனைத்தையும், கலந்தவரின் கையொப்பத்தையும், தேதியையும் எழுதுவதை விதியாக்கினோம்.

நான்காம் படி: கட்டுப்பாட்டுச் சீரங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலான முயற்சிகள் தடுமாறுகின்றன, ஏனெனில் உறுதிசெய்யப்பட்ட பாசிட்டிவ் சீரம் கடையில் எளிதில் கிடைப்பதில்லை. மேற்கோள் ஆய்வகம் (பிற ஆய்வகங்களின் முடிவுகளை உறுதிசெய்து தரும் ஆய்வகம்) ஒன்றிடமிருந்து சிறிதளவு பெற்று, அதை முதன்மைத் தரமாக வைத்து, அன்றாடப் பயன்பாட்டுக்கான கட்டுப்பாட்டை அதனோடு ஒப்பிட்டு அளவிட்டுக்கொள்ள வேண்டும்.

நெகட்டிவ் சீரங்களோ உள்ளூரிலிருந்தே வர வேண்டும். வெளிநாட்டுக் கிட்டில் அச்சிட்டிருக்கும், பாசிட்டிவையும் நெகட்டிவையும் பிரிக்கும் எல்லை மதிப்பு அந்நாட்டு மக்களின் இரத்தத்தில் கணக்கிட்டது. பலவகைத் தொற்றுகளைக் கடந்து வாழும் நம் மக்களின் சீரத்தில் பின்னணி நிறம் பொதுவாகவே கூடுதலாக இருக்கும். நலமான உள்ளூர்க் கொடையாளர்கள் குறைந்தது நூறு பேரின் சீரத்தை, உரிய நெறிமுறைக் குழு அனுமதியுடன் பெற்று, அவற்றின் சராசரியோடு மூன்று திட்டவிலக்கத்தைக் கூட்டி எல்லையை நிர்ணயிக்க வேண்டும். இவற்றோடு லெப்டோஸ்பைரோசிஸ், டெங்கு, ஸ்கரப் டைஃபஸ், மலேரியா ஆகியவை உறுதியானவர்களின் சீரத்தையும், முடக்குவாதக் காரணி உள்ளவர்களின் சீரத்தையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஹன்டாவைரஸ் எலைசா உண்மையில் போட்டியிடப் போவது இந்நோய்களோடுதான்.

ஐந்தாம் படி: மாதிரி சேகரிப்பு

ஒரே சமயத்தில் இரண்டு குழாய்களில் இரத்தம் எடுக்க வேண்டும்: சீரத்துக்கு ஒன்று, பி.சி.ஆர். பணிக்கு, இரத்தம் உறையாமல் காக்கும் ஈ.டி.டி.ஏ. குழாய் ஒன்று. ஹெப்பாரின் குழாய் வேண்டாம், அது பி.சி.ஆர். வினையைத் தடுக்கும். சீரத்தை அன்றே பிரித்துச் சிறு குப்பிகளில் பகிர்ந்துவிட வேண்டும். ஒரே குப்பியைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைப்பது எதிர்ப்பொருளையும் ஆர்.என்.ஏ.வையும் ஒருசேரக் கெடுக்கும். பத்து முதல் பதினான்கு நாள் கழித்து இரண்டாம் சீரத்துக்கான வேண்டுகோளை முதல் நாளிலேயே படிவத்தில் எழுதிவிடுவது நல்லது. நோயாளி வீடு திரும்பிய பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது கடினம்.

குழாயைத் திறப்பது, சுழற்றுவது, பகிர்வது ஆகியவை நுண்துளிகளை எழுப்பும் பணிகள். அவற்றைக் கேபினெட்டுக்குள், மூடிய சுழற்சிக் கிண்ணங்களோடு செய்ய வேண்டும்.

ஆறாம் படி: தட்டை ஓட்டுவது

எந்தச் செறிவில் எதைப் பயன்படுத்துவது என்பதை நெறிமுறைத் தாளிலிருந்து அப்படியே எடுக்காமல், சதுரங்கக் கட்ட முறையில் அளவிட வேண்டும். தட்டின் வரிசைகளில் ஆன்டிஜெனையும் நிரல்களில் அதைக் கண்டறியும் எதிர்ப்பொருளையும் படிப்படியாக நீர்க்கச் செய்து, பாசிட்டிவ் சீரத்தின் அளவுக்கும் நெகட்டிவ் சீரத்தின் அளவுக்கும் உள்ள விகிதம் எங்கே மிக உயர்ந்ததோ அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறம் மிக அடர்ந்த கட்டம் எதுவோ அதுவே சிறந்தது என்று எண்ணுவது பிழை. அங்கே நெகட்டிவும் சேர்ந்து ஏறியிருக்கும்.

அதன்பின் ஓட்டம் இவ்வாறு செல்லும். மியூ-சங்கிலி எதிர்ப்பொருளைப் பி.எச். 9.6 உள்ள கார்பனேட் தாங்கலில் கலந்து குழிக்கு 100 மைக்ரோலிட்டர் இட்டு, 4 டிகிரியில் இரவு முழுவதும் வைக்க வேண்டும். பூச்சுத் தாங்கலில் ட்வீன் சிறிதும் சேரக் கூடாது. சேர்ந்தால் புரதம் பிளாஸ்டிக்கில் ஒட்டாது. மறுநாள் கழுவி, 5 சதவீதப் பால்பொடிக் கரைசலால் வெற்றிடங்களை அடைத்து, 1:100 என நீர்த்த சீரத்தை ஒவ்வொரு நோயாளிக்கும் நான்கு குழிகளில் இட வேண்டும்: இரண்டு ஹன்டாவைரஸ் ஆன்டிஜெனுக்கு, இரண்டு கட்டுப்பாட்டு ஆன்டிஜெனுக்கு. 37 டிகிரியில் ஒரு மணி நேரம் கழித்துக் கழுவி, ஆன்டிஜென்களையும், பிறகு கண்டறியும் எதிர்ப்பொருளையும், பிறகு நொதி இணைத்த எதிர்ப்பொருளையும் ஒவ்வொன்றுக்கும் இடையே ஐந்து முறை கழுவிச் சேர்க்க வேண்டும். கழுவிய தட்டை உறிஞ்சுதாளில் தட்டி ஈரத்தை முழுவதும் நீக்குவது, நல்ல தட்டுக்கும் மோசமான தட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் பாதி. டி.எம்.பி.-ஐ இருட்டில் 10 முதல் 15 நிமிடம் வைத்து, அமிலத்தால் நிறுத்தி, 450 நானோமீட்டரில் படிக்க வேண்டும். குழியில் ஊற்றும் முன்பே டி.எம்.பி. நீலமாக இருந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது.

ஹன்டாவைரஸ் ஆன்டிஜென் குழிகளின் சராசரியிலிருந்து கட்டுப்பாட்டு ஆன்டிஜென் குழிகளின் சராசரியைக் கழித்து வரும் மதிப்பே கணக்கில் கொள்ளத்தக்கது. ஒவ்வொரு ஓட்டத்தின் கட்டுப்பாட்டு மதிப்பையும் வரைபடத்தில் குறித்துவர வேண்டும். புதிய தொகுதி வினைப்பொருள் வந்தால் பழைய தொகுதியோடு அருகருகே ஓட்டிப் பார்த்த பிறகே பயன்பாட்டுக்கு விட வேண்டும்.

ஏழாம் படி: ஆர்.டி.-பி.சி.ஆர்.

ஆர்.டி.-பி.சி.ஆர். என்பது வைரஸின் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றிப் பெருக்கிக் கண்டறியும் முறை. ஆனால் இரத்தத்தில் வைரஸ் இருக்கும் காலம் குறுகியது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டு நோயாளி வரும்போது பெரும்பாலும் அது மறைந்துவிட்டிருக்கும். எனவே பி.சி.ஆர். நெகட்டிவ் என்பதைக் கொண்டு நோயை மறுக்க இயலாது. ஆண்டிஸ் வைரஸ் இதற்கு முக்கிய விலக்கு: நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்களின் இரத்தத்தில் அறிகுறி தோன்றுவதற்குச் சில நாள்கள் முன்பே ஆர்.என்.ஏ.வைக் காண முடிகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது தெளிவாக நிறுவப்பட்டுள்ள ஹன்டாவைரஸும் அதுவே. 2018-19-இல் அர்ஜென்டினாவின் எபுயென் ஊரில் 34 பேரைத் தாக்கி 11 பேரைப் பலிகொண்ட பரவலை நினைத்தால் இதன் மதிப்பு விளங்கும்.

எந்த வைரஸ் என்று தெரியாத இடத்தில், பெரிய துண்டின் மாறாப் பகுதியைக் குறிவைக்கும் பொதுப் பிரைமர்களால் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) இரண்டு சுற்றுப் பெருக்கம் செய்து, கிடைத்த துண்டை வரிசைப்படுத்திப் பார்ப்பதே தக்க வழி. ஒரு குறிப்பிட்ட வைரஸுக்கான ரியல்-டைம் புரோப் (தேடும் வரிசையில் ஒட்டி ஒளிகாட்டும் துண்டு) வேகமானது. ஆனால் எதிர்பாராத வைரஸை அது தவறவிடும். இரண்டு சுற்று முறையில் முதற்சுற்றுக் குழாயைத் திறக்க வேண்டியிருப்பதால் கலப்புக்கு இடம் அதிகம்; கலவை தயாரிக்கும் அறை, மாதிரி சேர்க்கும் அறை, பெருக்கிய துண்டைக் கையாளும் அறை ஆகிய மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும், பின்னோக்கி நடக்கக் கூடாது. பாசிட்டிவ் கட்டுப்பாட்டுக்கு உயிருள்ள வைரஸ் தேவையில்லை. செயற்கையாகப் படியெடுத்த ஆர்.என்.ஏ. போதும். அதில் இயற்கையில் இல்லாத சில எழுத்துகளைச் செருகி வைத்தால், பின்னாளில் கலப்பு நேர்ந்ததா என்பதை வரிசையே சொல்லிவிடும். மாதிரி இல்லாத குழாய், பிரித்தெடுப்புக்கான நெகட்டிவ், மனித மரபணு ஒன்றைக் காட்டும் உட்கட்டுப்பாடு ஆகிய மூன்றும் ஒவ்வோர் ஓட்டத்திலும் வேண்டும்.

ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்கும் கரைசலில் குவானிடினியம் உப்பு இருக்கிறது. சிந்தினால் பிளீச்சிங் கரைசல் ஊற்றித் துடைப்பது நம் ஆய்வகங்களின் வழக்கம்; இங்கே அது நச்சு வாயுவை உண்டாக்கும். முதலில் நீராலும் சோப்புக் கரைசலாலும் துடைத்தெடுக்க வேண்டும்.

உறைபெட்டியைப் பற்றியும் ஒரு சொல். தானாகவே பனியை உருக்கிக்கொள்ளும் வீட்டு வகை உறைபெட்டி அவ்வப்போது தன்னைச் சூடாக்கிக்கொள்வதால் நொதிகளும் பிரைமர்களும் அதில் நெடுநாள் தாங்கா. நொதி இணைத்த எதிர்ப்பொருளை, தயாரிப்பாளர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், உறையவைக்காமல் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும்.

எட்டாம் படி: உறுதிசெய்தலும் அறிக்கையும்

ஐ.ஜி.எம். பாசிட்டிவ் வந்த சீரத்தை வேறு தயாரிப்பு ஆன்டிஜென் கொண்ட இரண்டாம் முறையால், உதாரணமாக இம்யூனோபிளாட் (பட்டையில் பதித்த புரதத்தில் எதிர்ப்பொருள் ஒட்டுவதைக் காட்டும் முறை) அல்லது ஒளிரும் எதிர்ப்பொருள் சிலைடுகளால், சரிபார்க்க வேண்டும். இணைச் சீரங்களில் (முதல் நாளிலும் பின்னரும் எடுத்த இரண்டு சீரங்களில்) ஐ.ஜி.ஜி. அளவு நான்கு மடங்கு உயர்ந்திருப்பது உறுதியான சான்று. ஒற்றைச் சீரத்தில் ஐ.ஜி.ஜி. மட்டும் இருப்பது என்றோ நேர்ந்த தொற்றையே காட்டும். எந்த வைரஸ் என்பதைச் சீரத்திலிருந்து தீர்மானிக்கும் நடுநிலையாக்கச் சோதனைக்கு (சீரம் எந்த வைரஸை முடக்குகிறது என்று பார்ப்பது) உயிருள்ள வைரஸ் தேவை என்பதால், அதை மூன்றாம் நிலைக் கூடமுள்ள மேற்கோள் ஆய்வகத்துக்கே அனுப்ப வேண்டும்.

லெப்டோஸ்பைரா ஐ.ஜி.எம்.-உம் ஹன்டாவைரஸ் ஐ.ஜி.எம்.-உம் ஒருசேரப் பாசிட்டிவாக வரும் சீரங்களைச் சந்திக்க நேரும். ஒரே எலி இரண்டையும் சுமக்கக் கூடும் என்பதால் ஒன்றைத் தள்ளிவிடாமல் இரண்டையும் எழுதி, இரண்டாம் சீரம் வரும்வரை ‘உறுதியாகவில்லை’ என்று குறிப்பிட வேண்டும். லெப்டோஸ்பைராவுக்கான மருந்தை இதற்காக நிறுத்த வேண்டாம் என்று மருத்துவரிடம் நேரில் சொல்வதும் ஆய்வகத்தின் கடமை.

அறிக்கைத் தாளில் ‘ஹன்டாவைரஸ் நெகட்டிவ்’ என்று எழுதக் கூடாது. ‘ஹன்டான் வைரஸ் நியூக்ளியோகேப்சிட் ஆன்டிஜெனுக்கு எதிரான ஐ.ஜி.எம்., பிடிப்பு எலைசா முறையில், காய்ச்சலின் ஆறாம் நாள் சீரத்தில் காணப்படவில்லை’ என்று, எந்த வைரஸின் ஆன்டிஜென், எந்த முறை, நோயின் எத்தனையாவது நாள் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும். ஆன்டிஜென் தொகுதி எண்ணைப் பதிவேட்டில் நோயாளியின் எண்ணுக்கு எதிரே குறித்து, மீதமுள்ள சீரத்தை மைனஸ் 70 டிகிரியில் பாதுகாக்க வேண்டும். பொருத்தமான வேறொரு ஆன்டிஜென் கைக்கு வரும் நாளில் அந்தக் குப்பிகளை மறுபடியும் ஓட்டிப் பார்க்கலாம்.